மூணாவது டீம்ல ஏன் போட்டீங்க?

நம் கைப்பந்து கிளப்பின் செயலாளர் ஜெயசீலன், பதினேழு வயதுப் பெண் ஒருத்தி கேட்ட ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் பயந்துகொண்டு மைதானத்தின் பின்பக்கக் கேட் வழியாக ஓடிப்போனார். அவசர வேலை வந்துவிட்டது என்று பிறகு சொன்னாராம். அதற்கு முன்னால் அரை மணி நேரம் சால்வையும் தானுமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாரே, அப்போது அந்த அவசரம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது வரிசையில், கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில்.

திண்டிவனத்தில் நடந்த ஆண்டு விழா அது. பெண்கள் பிரிவில் இருந்த அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு ஷீல்டு கொடுத்தார்கள். சிறந்த முயற்சி, சிறந்த ஒத்துழைப்பு, சிறந்த நேரம் தவறாமை, சிறந்த தண்ணீர் பாட்டில். கடைசி ஒன்று நான் சேர்த்தது. மற்றதெல்லாம் நிஜம். கிளியனூரிலிருந்து வரும் பவித்ராவுக்குச் 'சிறந்த புன்னகை' என்று ஒரு ஷீல்டு. அந்தப் பெண் சிரித்து நான் பார்த்ததே இல்லை. களத்தில் இறங்கினால் முகத்தை இட்லிக் குண்டான் மூடி மாதிரி வைத்துக்கொள்வாள். பின்வரிசையில் நின்று எதிரணி அடிக்கிற பந்தை விழாமல் எடுப்பதுதான் அவள் வேலை. கிளப்பில் இன்றைக்கு அவளைப் போல எடுக்க ஆள் கிடையாது. இரண்டு வருடம் முதல் டீமில் இருந்தவளை இந்த வருடம் மூன்றாவது டீமில் போட்டிருக்கிறார்கள். போட்டுவிட்டுக் கையில் புன்னகையைக் கொடுத்தார்கள்.

ஷீல்டை வாங்கிக்கொண்டு அவள் மேடையை விட்டு இறங்கவில்லை.

"சார், என்னை மூணாவது டீம்ல ஏன் போட்டீங்க?"

மைக் ஆனில் இருந்தது. எல்லாருக்கும் கேட்டது.

"அதெல்லாம் அப்புறம் ஆபீஸ்ல பேசிக்கலாம்மா. இப்ப கொஞ்சம் சிரி, போட்டோ எடுக்கிறாங்க."

"ஆபீஸ் வாசல்ல மூணு வாட்டி வந்து நின்னுக்கினு இருந்தேன் சார். நீங்க வரவே இல்ல."

செயலாளர் சிரித்தார். போட்டோக்காரர் எடுத்தார். அந்தப் படத்தில் பவித்ரா ஷீல்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். அவளை இறக்கிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். கடைசி ஷீல்டு முடிந்ததும் அவள் மறுபடி மேடை ஓரத்துக்கு வந்து நின்றாள். அதைப் பார்த்ததும்தான் செயலாளருக்கு அவசர வேலை ஞாபகம் வந்தது.

இதில் அப்படி என்ன போய்விட்டது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். மாவட்ட ஜூனியர் தேர்வுக்கு நம் கிளப்பிலிருந்து முதல் டீமின் பெயர்கள் மட்டும்தான் போகும். அந்தப் பட்டியல் இந்த மாதக் கடைசியில் போகிறது. பவித்ரா பன்னிரண்டாம் வகுப்பு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். மாவட்ட அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கேட்கலாம். இல்லையென்றால் கேட்க முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

கிளப் மாதாமாதம் போடும் இந்த நான்கு பக்கத் தாளுக்கு என் அனுபவங்களை எழுதித் தரச் சொல்லி இளம் பயிற்சியாளர்கள் கேட்டார்கள். "இனிமையான நினைவுகளா இருக்கட்டும் டீச்சர்" என்றும் சொன்னார்கள். இனிப்பு வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பேக்கரி இருக்கிறது. என்னிடம் இருப்பதைத்தான் நான் எழுத முடியும். இவர்கள் அச்சடிக்காவிட்டால் நானே கையால் எழுதி மைதானத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். அந்தப் பலகையின் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

என் பெயர் பச்சையம்மாள். பச்சை டீச்சர் என்றால்தான் தெரியும். உடற்கல்வி படித்தேன், ஓடினேன், குதித்தேன், கணுக்காலை முறித்துக்கொண்டேன், விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராகச் சேர்ந்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை. தேர்வுக்கு மனப்பாடம் செய்த எதுவும் மைதானத்தில் உதவவில்லை. சனி, ஞாயிறுகளில் இந்தக் கிளப்புக்கு வந்தேன். ஓய்வு பெறும் வரை வந்தேன். வேலை கற்றது இங்கேதான், தனகோட்டி சாரிடம்.

தனகோட்டி சார் திண்டிவனம் கரண்ட் ஆபீசில் லைன்மேன். கிளப்பின் இரண்டு கிளைகளுக்கும், அதாவது விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும், அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். விசில் ஊத மாட்டார். சட்டையின் வலது பையில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கும், இடது பையில் அதன் தோல் இருக்கும். ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே உரித்து மென்றுகொண்டிருப்பார். வாய் அசைவது நின்றால் களத்தில் யாரோ எதையோ ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாராட்டு என்று அவர் வாயிலிருந்து வந்தது அந்த மெல்லாமைதான். திட்டுவது மட்டும் தாராளம். அதிலும் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். தோற்ற பக்கத்தைத் திட்ட மாட்டார். "தோத்தவங்களுக்குத் தெரியும் ஏன் தோத்தோம்னு. ஜெயிச்சதுங்களுக்குத்தான் ஒன்னும் தெரியாது" என்று சொல்லி, ஜெயித்த ஆறு பேரை வரிசையாக நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்குவார்.

டீம் பிரிக்கும் முறையை அவர்தான் ஏற்படுத்தினார். இப்போதைய பயிற்சியாளர்களுக்கு அது ஏதோ புராணம் மாதிரி இருக்கும். அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, விழுப்புரம் பிள்ளைகளை விழுப்புரம் பயிற்சியாளர் பிரிக்கக் கூடாது. திண்டிவனத்துக்காரர் வந்து பிரிப்பார். திண்டிவனம் பிள்ளைகளைப் பிரிக்க விழுப்புரத்திலிருந்து ஆள் போகவேண்டும். பிள்ளைகளின் முகமோ அப்பன் பேரோ தெரியாத ஆளாக இருக்கவேண்டும், அதற்காக.

அது போதாதென்று, எல்லாரும் சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு வரவேண்டும். பள்ளிக்கூடத்தின் பேர் சட்டையில் இருந்தால் தெரியக்கூடாது. ஒரு பிளாஸ்டிக் மக்கில் எண்கள் எழுதிய துண்டுச் சீட்டுகள். எடுத்த எண்ணை முதுகில் சாக்பீசால் பெரிதாக எழுதுவோம். நாற்பது பெண்கள், நாற்பது எண்கள். வேப்ப மரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இடையில் ஒரு கயிறு கட்டியிருக்கும். பெற்றோர் கயிற்றுக்கு வெளியே. உள்ளே ஒரு கால் வைத்தாலும் தனகோட்டி சார் சத்தம் போடுவார். "கல்யாண வூடா இது? பொண்ணு பாக்க வந்துக்கினு இருக்கீங்க!"

ஒற்றை எண்கள் ரயில் பாதைப் பக்கம், இரட்டை எண்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம். ஆறு ஆறு பேராக இறக்குவோம், கால் மணிக்கு ஒருமுறை ஆளைக் கலைத்து மாற்றுவோம். பெண்கள் பக்கம் மாற மாட்டார்கள். இடம் மாறவேண்டியது தேர்வு செய்பவர்தான். முதல் ஆட்டத்துக்கு ஒரு பக்கம், இரண்டாவதுக்கு இன்னொரு பக்கம் என்று நான்கு ஆட்டத்துக்கு நான்கு பக்கமும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பாதிப் பேர் முதுகுதான் தெரியும், மீதிப் பேர் முதுகு தெரியாது.

மதியத்துக்குள் பட்டியல் பலகையில் ஏறிவிடும். முதல் டீம், இரண்டாவது, மூன்றாவது. எண்கள் மட்டும், பெயர் கிடையாது.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் முக்கியமானது. அன்றைக்குத் தேர்வு செய்தவர் மறுபடி பஸ் ஏறி வந்து கயிற்றுக்குள் நிற்கவேண்டும். எந்தப் பெண் வேண்டுமானாலும் முன்னால் வந்து, எனக்கு ஏன் இந்த டீம் என்று கேட்கலாம். எல்லார் முன்னாலும் கேட்கலாம். எல்லார் முன்னாலும் பதில் சொல்லியாகவேண்டும். அழுதால் தண்ணீர் கொடுப்போம், அழுது முடித்ததும் பதில் சொல்லுவோம். "காலு லேட்டா வருது", "சர்வீஸ் வலையிலயே மாட்டுது", "பந்து உன் பக்கம் வந்தா பக்கத்துல இருக்கிறவளப் பாக்குற." இப்படித்தான். மனசு புண்படும். ஆனால் எதைச் சரிசெய்யவேண்டும் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

பரிசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷீல்டு கோப்பை எதுவும் கிடையாது. வருடத்துக்கு ஒரே ஒரு பரிசு. முழங்கை உறை ஒரு ஜோடி. யார் முழங்கை அதிகம் தேய்ந்திருக்கிறதோ அவளுக்கு. பந்துக்காகத் தரையில் விழுந்தவளின் முழங்கை அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது சாரின் கணக்கு. வருடக் கடைசியில் பெண்களை வரிசையாக நிற்கவைத்து முழங்கையைப் பார்ப்பது என் வேலை. காய்ப்பு, தழும்பு, ஆறாத புண் என்று டாக்டர் மாதிரி பார்த்துக்கொண்டே போவேன். ஒரு வருடம் விருந்தினராக வந்த அதிகாரி, "இது என்ன பரிசு, ரத்த தான முகாமா?" என்று கேட்டார்.

ஒரு வருடம் ஒரு பெண் பரிசுக்கு ஆசைப்பட்டு, முந்தின நாள் காம்பவுண்டு சுவரில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டாள். புண் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் அவள் பெயரைச் சொல்லிவிட்டேன். தனகோட்டி சார் அவள் கையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்தச் சுவரு?"

"இன்னா சார்?"

"சுண்ணாம்பு ஒட்டிக்கினு இருக்கு. எந்தச் சுவருல தேய்ச்ச?"

மைதானமே சிரித்தது. அவள் அழுதாள். சுண்ணாம்பைக் கவனிக்காத நான்தான் அன்றைக்கு அதிகம் திட்டு வாங்கினேன். அவளுக்குத் தண்டனை, மூன்று மாதம் பின்வரிசைப் பயிற்சி. சுவரை விடத் தரை எவ்வளவோ தேவலை என்று தெரிந்துகொண்டாள் போலிருக்கிறது. அடுத்த வருடம் நிஜமாகவே வாங்கினாள்.

இப்போது குமுதாவின் விஷயத்துக்கு வருகிறேன். இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. சொன்னதும் இல்லை. ஆனால் திண்டிவனத்தில் அன்றைக்கு இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு இருபத்தெட்டு வயது. திண்டிவனம் பெண்களைப் பிரிக்க முதல்முறையாக என்னைத் தனியாக அனுப்பியிருந்தார்கள். தலையில் கொம்பு முளைத்த மாதிரி இருந்தது. காலை ஏழு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. வேப்ப மரத்தடியில் நிழல். அங்கே ஸ்டூலைப் போட்டு முதல் ஆட்டத்தைப் பார்த்தேன். இரண்டாவது ஆட்டத்துக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. இங்கிருந்தே எல்லாம் தெரிகிறதே என்று நினைத்தேன். நான்கு ஆட்டத்தையும் அந்த நிழலிலேயே உட்கார்ந்து பார்த்தேன்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வலையோரமாக நின்று பந்தைத் தூக்கிக் கொடுக்கிற பெண்ணை லிஃப்டர் என்போம். அந்தப் பக்கத்து லிஃப்டர் வேப்ப மரத்தைப் பார்த்துத்தான் நிற்பாள். முகம் எனக்குத் தெரியும், முதுகு தெரியாது. எண் முதுகில்தான் இருக்கிறது. நான் எண்ணைப் பார்த்துத்தான் தாளில் கோடு போடுகிறேன். அடித்தவளின் எண் தெரிந்தது, அவளுக்குக் கோடு. எடுத்தவளின் எண் தெரிந்தது, அவளுக்கும் கோடு. தூக்கிக் கொடுத்தவளுக்கு ஒன்றுமில்லை. நாலு ஆட்டம் முடிந்தபோது இருபத்திரண்டாம் எண்ணுக்கு நேராக இரண்டே இரண்டு கோடுகள். மூன்றாவது டீமில் போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிறு கயிற்றுக்குள் நின்றேன். நாலைந்து பெண்கள் கேட்டார்கள், பதில் சொன்னேன். பிறகு குமுதா வந்தாள். பதினைந்து வயது, குள்ளமான உருவம், எண்ணெய் வழியப் பின்னிய இரட்டைச் சடை.

"டீச்சர், என் நம்பரு இருவத்திரண்டு. என்னை ஏன் மூணாவது டீம்ல போட்டீங்க?"

தாளைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். எனக்கு அவளைப் பற்றி ஒன்றுமே ஞாபகத்தில் இல்லை. ஒன்றுமே. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"உயரம் பத்தலம்மா."

"ரெண்டாவது டீம்ல பன்னெண்டாம் நம்பரு இருக்காளே, அவ என்ன விடக் குட்டை டீச்சர்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். அவ என் தங்கச்சி."

கூட்டம் சிரித்துவிட்டது. தங்கச்சியும் எழுந்து நின்று காட்டினாள். அரைச் சாண் குட்டைதான். உயரம் மட்டும் இல்லை, வேகமும் பத்தவில்லை என்றேன். பொய் ஒன்று போதாதென்று இன்னொன்று.

"சரி டீச்சர். நான் தூக்கிக் குடுத்ததுல ஒரு பந்த சொல்லுங்க. ஒன்னே ஒன்னு. யாரு அடிச்சா, எங்க போய் விழுந்துச்சி?"

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாளில் என்ன இருக்கிறது, இரண்டு கோடு. தனகோட்டி சார் பலகைக்குப் பக்கத்தில் நின்று மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"பச்சை, நீ எங்க உக்காந்து பாத்த?"

"மரத்தடியில சார்."

"எத்தினி ஆட்டம்?"

"நாலும் சார்."

கயிற்றுக்கு வெளியிலிருந்து குமுதாவின் அம்மா குரல் கொடுத்தார். "நெழலுக்கு உக்காரணும்னா சினிமாக் கொட்டாய்க்குப் போறதுதானம்மா! இங்க எதுக்கு வந்தே?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. நான் சார் பக்கம் திரும்பி, "தப்பு நடந்துபோச்சி சார்" என்றேன்.

"என்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? நானா கேட்டேன்? கேட்ட பொண்ணுகிட்டச் சொல்லு."

குமுதாவிடம் திரும்பினேன். நாற்பது பெண்கள், அவர்களுடைய அப்பா அம்மா, சுண்டல் விற்க வந்தவர் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க, "நான் உன்னப் பாக்கலம்மா. அதான் காரணம்" என்றேன்.

"பாத்துட்டுப் புடிக்கலன்னு சொல்லியிருந்தாக்கூட பரவால்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பட்டியலை மாற்றிவிடலாம் என்று சாரிடம் கெஞ்சினேன். மாட்டேன் என்றார். "ஒன்ன மாத்துனா மீதி முப்பத்தொம்போதும் நாளைக்கு வந்து நிக்கும். உன் தப்புக்கு எத்தினி பேர மாத்துவே?" அதில் அவர் செய்தது தப்பு. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். தப்பு என்று ஊரறியத் தெரிந்தபிறகு மாற்றாமல் விட்டது வெறும் பிடிவாதம். அந்த வருடத்து மாவட்டச் சிறுமியர் முகாமுக்குக் குமுதா போகவில்லை. அடுத்த வருடம் வயது தாண்டிவிட்டது. அது போனது போனதுதான்.

எனக்கும் தண்டனை கொடுத்தார். அடுத்த தேர்வு வரைக்கும் சனிக்கிழமை தோறும் திண்டிவனம் வந்து மூன்றாவது டீமுக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும். கொடுத்தேன். முதல் நான்கு மாதம் குமுதா என்னோடு பேசவில்லை. நான் பந்தை வீசுவேன், அவள் தூக்குவாள். அவ்வளவுதான் எங்களுக்குள். அப்போதுதான் அவளைப் பார்த்தேன். பந்து விரலை விட்டுப் போகும்போது சத்தமே வராது. அடிக்கிற பெண் எவ்வளவு மோசமானவளாக இருந்தாலும் அவளுக்கு ஏற்ற உயரத்தில் போய் நிற்கும். மூன்றாவது டீமில் பந்தை அடிக்கவே தெரியாத பெண்கள் எல்லாம் அந்த வருடம் அடித்தார்கள். தேர்வு அன்றைக்கு நான் கோடு போட்டேனே, அந்த அடிகளில் பாதி இவள் தூக்கிக் கொடுத்தது. நான் அடித்தவளுக்குப் போட்டிருக்கிறேன்.

ஐந்தாவது மாதம் ஒரு சனிக்கிழமை, "டீச்சர், தொப்பி போட்டுக்குங்க, வெயிலு அதிகமா இருக்கு" என்றாள். கிண்டல்தான். பேசினாளே என்று இருந்தது.

அடுத்த தேர்வில் வேறொருவர் போய் அவளை இரண்டாவது டீமில் போட்டார். அதற்கு அடுத்த வருடம் முதல் டீம். இப்போது போலீசில் இருக்கிறாள். சில வருடங்களுக்கு முன் விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்பில் ஹெல்மெட் இல்லாமல் போன என்னை நிறுத்தினாள். அடையாளம் தெரிந்தது, ஆனால் விடவில்லை. மேலதிகாரி வரும்வரை ஓரமாக நிற்கவைத்தாள். என்னால் அவளுக்குப் பெரிய நன்மை நடந்தது, வந்து காலில் விழுந்தாள் என்றெல்லாம் இங்கே எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை எத்தனையோ தேர்வுகள் நடத்தினேன். ஸ்டூலை எடுத்துக்கொண்டு நான்கு பக்கமும் போனேன். தனகோட்டி சார் காலமான பிறகும் அந்தக் கயிறும் மக்கும் இருந்தன. பிறகு நான் ஓய்வு பெறும் வருடம் ஒரு நிர்வாகக் கூட்டம். கழிப்பறைக்குக் கதவு போடுவது பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் ஒரு தாளை நீட்டினார்கள். கதவுக்காகத்தான் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அந்தத் தாளில்தான் புதிய தேர்வு முறை இருந்தது. நேரில் பார்க்கத் தேவையில்லை, பிள்ளைகள் வீடியோ அனுப்பினால் போதும். ஞாயிற்றுக்கிழமைக் கேள்விகளும் வேண்டாம். எல்லாருக்கும் ஷீல்டு. இத்தனைக்கும் கீழே என் கையெழுத்து இருக்கிறது. படிக்காமல் போட்டது என் முட்டாள்தனம். ஒத்துக்கொள்கிறேன். கழிப்பறைக்குக் கதவு இன்னும் வரவில்லை.

இப்போது நடப்பது இதுதான். அரை நிமிட வீடியோ ஒன்றைப் பெற்றோர் செயலாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பவேண்டும். கீழே பெயர், பள்ளி, அப்பா என்ன வேலை பார்க்கிறார், எல்லாம் எழுதவேண்டும். சட்டையைத் திருப்பிப் போட்ட காலம் போய் அப்பனைத் தூக்கி முன்னால் வைக்கிற காலம். ஒரு பெண்ணுக்கு டிரோன் வைத்து எடுத்து, பின்னால் பாட்டும் போட்டு அனுப்பியிருந்தார்கள். அவள் குதித்து அடிக்கிறாள், பந்து பாய்கிறது, பாட்டு உச்சத்துக்குப் போகிறது. அந்தப் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. வீடியோவில் அது இல்லை.

பவித்ராவின் வீடியோவை அவள் தம்பி செல்போனில் எடுத்தான். நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அரை நிமிடமும் அவள் பின்வரிசையில் முட்டி மடக்கி நிற்கிறாள். பந்து இரண்டு முறை வருகிறது. இரண்டு முறையும் தரையோடு தரையாக விழுந்து எடுத்து, லிஃப்டரின் கைக்கே போகிற மாதிரி கொடுக்கிறாள். கைப்பந்து தெரிந்தவன் அந்த இரண்டு பந்தைப் பார்த்தால் மல்லாட்டை மெல்வதை நிறுத்திவிடுவான். தெரியாதவனுக்கு ஒரு பெண் கீழே விழுந்து எழுந்திருக்கிறாள், அவ்வளவுதான். பார்த்தவர்கள் யார்? செயலாளர், அவருடைய கடைக்கு டைல்ஸ் சப்ளை செய்பவர், இன்னொருவர். மூன்று பேரும் ஷோரூம் ஏசியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நான் மரத்தடி நிழலில் உட்கார்ந்து பார்த்த மாதிரியேதான்.

விழா முடிந்த மறுநாள் செயலாளருக்குப் போன் செய்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஜெயசீலா, அந்தப் பொண்ணுக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல?"

"டீச்சர், நீங்க ரெஸ்ட் எடுங்க டீச்சர். காலம் மாறிப்போச்சி. எல்லார் முன்னாடியும் பிள்ளைங்கள அப்படி இப்படின்னு சொன்னா மனசு ஒடைஞ்சி போயிடுது. அதுக்குத்தான் எல்லாருக்கும் ஷீல்டு. யாருக்கும் கஷ்டம் இல்ல பாருங்க."

"யாருக்கும் கஷ்டம் கூடாதுன்னா எல்லாரையும் முதல் டீம்ல போடு."

"அது எப்படி டீச்சர் முடியும்? ஆளப் பாத்துத்தான போட முடியும்."

"ஆளப் பாத்தியா?"

"வீடியோ பாத்தோம்."

"அதுல அவ எடுத்த ரெண்டாவது பந்து எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சி?"

"டீச்சர், கஸ்டமர் வந்திருக்காங்க. அப்புறம் பேசுறேன்."

கஸ்டமரும் அவசர வேலையும் இவருக்குச் சொல்லிவைத்த மாதிரி வருகிறார்கள்.

பிள்ளைகள் மனசு உடைந்துவிடும் என்கிறாரே, அதற்கு ஒன்று சொல்லவேண்டும். இதே ஜெயசீலன் பதினாலு வயதில் விழுப்புரம் பையன்கள் பிரிவில் ஆடியவர். திண்டிவனத்திலிருந்து தனகோட்டி சார் வந்து அவரை இரண்டாவது டீமில் போட்டார். அடுத்த ஞாயிறு இவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு கயிற்றுக்குள் போனார்.

"சார், நான்தான் இந்த குரூப்லயே நல்லா அடிக்கிறேன். என்னை ஏன் ரெண்டாவதுல போட்டீங்க?"

"அடிக்கிற. ஆனா தடுக்கப் போறப்ப கண்ண மூடிக்கிற. பந்து மூஞ்சில பட்டுடும்னு பயம். பொம்மைக்குக்கூட கண்ணு தெறந்துதான்டா இருக்கும்."

மைதானம் சிரித்தது. ஜெயசீலனின் மனசு உடைந்ததாகத் தெரியவில்லை. மூன்று நாள் சோறு சாப்பிடவில்லை என்று அவர் அம்மா என்னிடம் வந்து சண்டை போட்டார். நான்காவது நாள் முதல், மைதானத்துக்கு அரை மணி முன்னதாக வந்து, முகத்துக்கு நேராகப் பந்தை வீசச் சொல்லி என்னைப் படுத்தினார். கண்ணைத் திறந்து வைக்க ஐந்து மாதம் ஆனது. அடுத்த வருடம் முதல் டீம், அதற்கு அடுத்த வருடம் மாவட்ட அணி, கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு. கடையில் அவர் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படம் அந்த மாவட்ட அணியின் படம்தான். 'சிறந்த தன்னம்பிக்கை' என்று ஒரு ஷீல்டைக் கொடுத்து அன்றைக்கு அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டே வளர்ந்திருப்பார்.

பவித்ரா முதல் டீமுக்குத் தகுதியானவள் என்பது என் கருத்து. அது தப்பாகவும் இருக்கலாம். ஏற்கெனவே ஒருமுறை தப்புச் செய்தவள்தான் நான். அவளைப் பின்னுக்குத் தள்ள நியாயமான காரணம் ஒன்று இருந்தால் சொல்லட்டும். அவளுக்குக் கேட்டுக்கொள்ளத் தெம்பு இருக்கிறது. பட்டியல் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. தனகோட்டி சார் மாதிரி, ஒட்டினது ஒட்டினதுதான் என்ற பிடிவாதமும் வேண்டாம். தப்பென்றால் மாற்ற நேரம் இருக்கிறது.

செயலாளர் ஜெயசீலன் அவர்களே, பதவிக்கு மரியாதை கொடுத்துத்தான் 'அவர்களே' போடுகிறேன். வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்குத் திண்டிவனம் மைதானத்தில் நானே கயிற்றைக் கட்டி வைக்கிறேன். பின்பக்கக் கேட்டைப் பூட்டச் சொல்லியிருக்கிறேன். பவித்ரா வருவாள், அவளுடைய அம்மா வருவார், மூன்று டீமும் வரும். மைக் வேண்டாம், சத்தமாகப் பேசினால் போதும். கயிற்றுக்குள் வந்து நின்று, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவளை மூன்றாவது டீமில் ஏன் போட்டீர்கள்?